நடப்பைப் பற்றி நாட்குறிப்பு எழுதுவது எப்படி: அரசியல், தொழில்நுட்பம், நகர வன்முறை

தேர்தல் முடிவு ஒன்று வெளியான மறுநாள், இப்படித்தான் ஆகும் என்று முன்பே நினைத்திருந்தேன் என நண்பர்களிடம் உறுதியாகச் சொன்னேன். அன்றிரவு என் நாட்குறிப்பைப் புரட்டியபோது, பத்து நாள்களுக்கு முன் என் கையெழுத்திலேயே அதற்கு நேர்மாறான கணிப்பு எழுதப்பட்டிருந்தது. நண்பர்களிடம் நான் பொய் சொல்லவில்லை. முடிவு தெரிந்தவுடன் என் நினைவு தன்னைத் தானே திருத்திக்கொண்டிருந்தது.

இது எல்லோருக்கும் நேர்வது. 1972-ல் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் பயணம் மேற்கொண்டபோது, பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்ற இரு ஆய்வாளர்கள், அப்பயணங்களில் இன்னின்ன நிகழ்வதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று இஸ்ரேலிய மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்தனர். பயணங்கள் முடிந்த பின், நீங்கள் அன்று சொன்ன எண்கள் யாவை என்று அதே மாணவர்களிடம் கேட்டபோது, நடந்துவிட்டதாக அவர்கள் அறிந்திருந்த நிகழ்வுகளுக்கு, உண்மையில் தாங்கள் அளித்ததைவிடக் கூடுதலான வாய்ப்பை அளித்திருந்ததாகப் பலரும் நினைவுகூர்ந்தனர். 1975-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகுதான், நடப்பைப் பற்றிச் சிந்திக்க விரும்புகிறவருக்கு நாட்குறிப்பு எவ்வளவு தேவை என்பதை நான் முழுமையாக உணர்ந்தேன். எழுதிவைக்காத கருத்தை நாம் திருத்திக்கொள்ள முடியாது, ஏனெனில் அது தவறாக இருந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

அத்தகைய நாட்குறிப்பை எழுதும் முறையை, பல ஆண்டுகள் எழுதித் தவறிக் கற்றதைக் கொண்டு, இங்கே விளக்குகிறேன். அரசியல், தொழில்நுட்பம், நகர வன்முறை ஆகிய மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதுவதையே பரிந்துரைக்கிறேன். அவை செய்தித்தாளில் வெவ்வேறு பக்கங்களில் இருந்தாலும், ஒன்றைத் தொடர்ந்து கவனித்தால் மற்ற இரண்டில்தான் போய் முடியும்.

பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்

பக்கத்தின் மேலே தேதியுடன் நேரத்தையும் எழுதுங்கள். நிகழ்வு நடந்த முதல் ஆறு மணி நேரத்தில் எழுதிய வரிக்கும், மூன்றாம் நாள் எழுதிய வரிக்கும் ஒரே மதிப்பு கிடையாது என்பதால், நேரம் இல்லாத குறிப்பு பின்னாளில் உங்களையே ஏமாற்றும்.

அதன் கீழே பக்கத்தை மூன்று பகுதிகளாக்குங்கள். முதற்பகுதியில் உறுதியானவற்றை மட்டும், யார் உறுதி செய்தார் என்பதோடு சேர்த்து எழுதுங்கள். இரண்டாம் பகுதி, கேள்விப்பட்டவற்றுக்கு உரியது. மூன்றாம் பகுதியில் நீங்கள் நினைத்ததையும் உணர்ந்ததையும் எழுதுங்கள். தொடக்கத்தில் முதற்பகுதி வியக்கத்தக்க அளவுக்குச் சிறியதாக இருக்கும். இரண்டு மணி நேரம் செய்தி பார்த்துவிட்டு, உறுதியாகத் தெரிந்தது இரண்டே வரிகள் என்று காண்பது சற்றுக் கசப்பாக இருந்தாலும், அந்தக் கசப்பைக் கடந்துதான் ஆகவேண்டும்.

இரண்டாம் பகுதிக்கு நம் மொழியே ஒரு கருவியைத் தந்திருக்கிறது. கண்டதைச் சொல்லும்போது 'வந்தான்' என்கிறோம். பிறர் சொல்லக் கேட்டதை 'வந்தானாம்' என்கிறோம். 'ஆம்' என்ற அந்தச் சிறு ஒட்டு, இதற்கு நான் சாட்சி இல்லை என்பதை ஒரே அசையில் தெரிவித்துவிடுகிறது. பேச்சில் இயல்பாக வரும் இந்த ஒட்டை எழுத்தில் நாம் விட்டுவிட்டோம். அதன் இடத்தில் 'கூறப்படுகிறது', 'தகவல்கள் தெரிவிக்கின்றன' போன்ற சொற்கள் வந்து அமர்ந்தன. அவை கேள்விப்பட்ட செய்திக்கு ஓர் அலுவலகத் தோற்றத்தைத் தந்து, சொன்னவர் யார் என்பதை மறைத்துவிடுகின்றன. எனவே உங்கள் ஏட்டின் இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு வினைமுற்றையும் 'ஆம்' என்று முடியுங்கள். 'மூவர் தப்பினர்' என்பது 'மூவர் தப்பினராம்' என்று மாறும்போது, அந்த வரியை இன்னொருவருக்கு அனுப்பலாமா என்ற தயக்கம் தானாகவே பிறக்கும்.

அந்தத் தயக்கம் மிகவும் வேண்டப்படுவது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறக்குறைய 1,26,000 செய்தித் தொடர்களை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவின்படி, 1,500 பேரைச் சென்றடைய உண்மைச் செய்திக்குப் பொய்ச் செய்தியைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்தது. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, பகிர்ந்த மனிதர்களே என்றும் அவர்கள் கண்டனர். அதே 2018-ல், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் இந்தியாவில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பின்னரே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் அங்கே வரம்பு விதித்தது. 2019-ல் அந்த வரம்பு உலகம் முழுவதற்கும் நீண்டது. ஒரு விரலசைவுக்கும் ஒரு கொலைக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நடுங்குகிறது.

வினைச்சொல்லைக் கவனியுங்கள்

நகர வன்முறையைப் பற்றி எழுதும்போது முதலில் சரிபார்க்க வேண்டியது இலக்கணத்தை. 'பேருந்து எரிந்தது', 'பேருந்து எரிக்கப்பட்டது', 'அவர்கள் பேருந்தை எரித்தனர்' என்ற மூன்று வாக்கியங்களும் ஒரே தீயைப் பற்றியவையாக இருக்கலாம். முதலாவதில் செய்தவரே இல்லை. இரண்டாவதில் இருக்கிறார், ஆனால் மறைந்திருக்கிறார். மூன்றாவதில்தான் வெளியே வருகிறார். 'கலவரம் வெடித்தது' என்று எழுதும்போது, கலவரம் பட்டாசைப் போலத் தானே வெடிக்கும் பொருளாகிவிடுகிறது. ஒரு கூட்டம் நிராயுதபாணியான ஒருவரைத் தாக்கியதை 'மோதல்' என்று எழுதினால், அடித்தவரையும் அடிபட்டவரையும் சமமாக்கிவிடுகிறோம். செய்தித்தாளிலிருந்து வரியை எடுத்து எழுதும்போது, செய்தவர் தெரிந்திருந்தால் எழுவாயாக அவரை வையுங்கள். தெரியாவிட்டால் 'செய்தவர் யார் என்று இந்நேரம் வரை தெரியவில்லை' என்று வெளிப்படையாக எழுதுங்கள். 'மர்ம நபர்கள்' என்று எழுத வேண்டாம், ஏனெனில் அந்தச் சொல் தெரியாமையை ஒரு கதையாக்கிவிடுகிறது.

செய்தவரின் பெயரைப் பொறுத்தவரை நான் ஒரு கடுமையான விதியைக் கடைப்பிடிக்கிறேன். கைது, குற்றச்சாட்டு, தண்டனை என்ற மூன்றும் வெவ்வேறு நிலைகள் என்பதால், எந்த நிலை என்று குறிப்பிடாமல் எவர் பெயரையும் குற்றத்தோடு சேர்த்து எழுதுவதில்லை. 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்தபோது, இணையத்தில் கூடியவர்கள் படங்களை ஆராய்ந்து, தொடர்பே இல்லாத ஓர் இளைஞரைக் குற்றவாளி என்று அறிவித்தனர். ஏற்கெனவே காணாமல்போயிருந்த அவரைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பம், அந்தப் பழியையும் சுமந்தது. பின்னர் அவர் இறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார். படங்களை ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் உதவுவதாகவே நம்பியிருப்பார்கள்.

அதே குண்டுவெடிப்பிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவர் அறியவேண்டியது இன்னொன்றும் உண்டு. நிகழ்வுக்குப் பிந்தைய வாரங்களில் 4,675 பேரிடம் ஆய்வு நடத்திய ஆலிசன் ஹோல்மன், டானா ரோஸ் கார்ஃபின், ராக்சேன் சில்வர் ஆகியோர், நாள்தோறும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அச்செய்தியைப் பார்த்தவர்களுக்கு, குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதலான கடும் மன அழுத்தம் இருந்ததைக் கண்டனர். எனவே வன்முறைச் செய்தியைப் பார்க்கும் நேரத்துக்கு எல்லை வையுங்கள். நான் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று எழுத்து வடிவில் உள்ள செய்தியை மட்டும் படிக்கிறேன். தாக்குதல் காட்சி உள்ள காணொளியைப் பார்ப்பதில்லை. காணொளியைப் பார்க்காததால் என் குறிப்பில் எந்த உண்மையும் விடுபட்டதாக இதுவரை நான் கண்டதில்லை.

மூன்றாம் பகுதியில் அச்சத்தையும் சினத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு முதற்கொண்டு, மனத்தை அழுத்தும் நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதும் முறை பலமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் பயன் தரவில்லை என்றாலும், பலருக்கு உதவியிருக்கிறது. நீங்களே நேரில் வன்முறையைக் கண்டவராகவோ அதற்கு உள்ளானவராகவோ இருந்து, எழுத எழுதத் துன்பம் கூடுகிறது என்றால், ஏட்டை மூடிவிட்டு, பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

எண்ணைக் கண்டால் நிற்க வேண்டும்

நகரத்தில் குற்றம் பெருகிவிட்டது என்ற வரியை எழுதும் முன், எதனோடு ஒப்பிட்டுப் பெருகியது என்று கேளுங்கள். சிறிய ஊரில் ஓராண்டு இரண்டு கொலைகளும் மறு ஆண்டு நான்கு கொலைகளும் நடந்தால், 100 விழுக்காடு உயர்வு என்பது கணக்கின்படி சரி. அதைக் கொண்டு போக்கு எதையும் முடிவு செய்ய இயலாது. பெரிய நகரத்தையும் சிறிய நகரத்தையும் ஒப்பிடும்போது மொத்த எண்ணிக்கையை விட்டு, ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை என்ற விகிதத்தை எழுதுங்கள். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி 2021-ல் உலகில் ஏறத்தாழ 4,58,000 பேர் கொலையுண்டனர். அது ஒரு லட்சம் பேருக்கு 5.8 என்ற விகிதம். அந்த எண்ணை ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தால், வேறு எந்த நகரத்தின் விகிதத்தைக் கேள்விப்பட்டாலும் உடனே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காவல் துறையின் எண்ணிக்கை, பதிவான குற்றங்களின் எண்ணிக்கை மட்டுமே. நம்பிக்கை பெருகி அதிகமானோர் புகார் கொடுத்தாலும் எண்ணிக்கை ஏறும். பதிவு செய்ய மறுத்தாலோ அது இறங்கும். இதனால்தான் சில நாடுகள், வீடு வீடாகச் சென்று, நீங்கள் குற்றத்துக்கு உள்ளானீர்களா என்று மக்களிடமே கேட்கும் ஆய்வை நடத்துகின்றன. அமெரிக்காவில் 1970-களிலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1982-லும் அது தொடங்கியது. எண்ணும் முறை மாறிய ஆண்டையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கா முழுவதற்கும் குற்றத் தரவுகளைத் திரட்டும் எஃப்.பி.ஐ. 2021-ல் புதிய பதிவு முறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய பெருநகரங்களின் காவல் துறைகளே தரவு அளிக்கவில்லை. அந்த ஆண்டை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு எழுதப்பட்ட உறுதியான வாக்கியங்கள் எல்லாம் ஓட்டையான அடித்தளத்தில் நின்றன.

நம் உணர்வும் நல்ல அளவுகோல் அன்று. அமெரிக்காவில் வன்முறைக் குற்ற விகிதம் 1993-க்குப் பிந்தைய மூன்று பத்தாண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் மக்களிடம் ஆண்டுதோறும் கேட்டபோது, பெரும்பாலான ஆண்டுகளில் பெரும்பான்மையோர் நாட்டில் குற்றம் சென்ற ஆண்டைவிடப் பெருகியதாகவே பதில் சொன்னார்கள். தங்கள் சொந்தப் பகுதியைப் பற்றிக் கேட்டால், அதே அளவுக்கு அஞ்சவில்லை. இதைப் படித்தபின் நான் என் ஏட்டில் இரண்டு வரிகளைத் தனித்தனியே எழுதத் தொடங்கினேன்: இந்த வாரம் நான் கண்ணால் கண்டது ஒன்று, இந்த வாரம் திரையில் கண்டது ஒன்று. முதல் வரி பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது.

ஆயினும் இதைக் கொண்டு, அஞ்சுகிறவரைப் பார்த்து உன் அச்சம் பொய் என்று சொல்லிவிடக் கூடாது. லாரன்ஸ் ஷெர்மனும் உடன் ஆய்வாளர்களும் மினியாபொலிஸ் நகரில் காவல் துறைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989-ல் வெளியிட்டதன்படி, அழைப்புகளில் பாதி, நகரின் முகவரிகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டிலிருந்தே வந்தன. நகரத்தின் சராசரி குறைந்துகொண்டிருக்கும்போதே ஒரு தெருவில் வாழ்வது தாங்க முடியாததாக இருக்கலாம். சராசரியை எழுதும்போது அந்தத் தெருவையும் எழுதுங்கள்.

தொழில்நுட்பச் செய்தியின் காலம்

தொழில்நுட்பச் செய்தியில் நான் முதலில் அடிக்கோடிடுவது வினையின் காலத்தை. 'மாற்றிவிட்டது', 'மாற்றுகிறது', 'மாற்றப்போகிறது' என்பவற்றில் எது எழுதப்பட்டிருக்கிறது? எதிர்காலம் என்றால், சொன்னவர் பெயரையும் அவர் குறித்த கெடுவையும் எழுதி, அந்தக் கெடு முடியும் தேதியில் ஏட்டைத் திறக்குமாறு குறித்துவையுங்கள். செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடியான ஜெஃப்ரி ஹிண்டன் 2016-ல், எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பதை இப்போதே நிறுத்த வேண்டும், ஐந்து ஆண்டுகளில் கணினி அவர்களை மிஞ்சிவிடும், பத்து ஆண்டுகளும் ஆகலாம் என்று பேசினார். ஐந்தாண்டுக் கெடு கழிந்த 2021-லும் மருத்துவமனைகள் அம்மருத்துவர்களைத் தேடிக்கொண்டுதான் இருந்தன. அவர் 2024-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்; அத்துறையை அவரைவிட நன்றாக அறிந்தவர் வெகு சிலரே. அறிவாளியின் கணிப்பையும் தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்த கேள்வி, கருவி தவறினால் அந்தத் தவறு யார் மேல் விழும் என்பது. ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோர் 2018-ல் மூன்று வணிக நிறுவனங்களின் முகப் பகுப்பாய்வு மென்பொருள்களைச் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களின் பாலினத்தைக் கண்டறிவதில் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை சென்றது. மொத்தத்தில் துல்லியமானது என்ற ஒற்றை எண்ணுக்குள் இத்தனை பெரிய வேறுபாடு மறைந்திருக்க முடியும்.

மூன்று துறைகளும் சந்திக்கும் இடம் இதுவே. நகர வன்முறைக்கு அஞ்சும் மக்களுக்குப் பாதுகாப்பைத் தருவதாக அரசியல்வாதி வாக்களிக்கிறார். அந்த வாக்குறுதியை நிறைவேற்ற ஒரு நிறுவனம் கருவியை விற்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் 2019-ல் முகம் அறியும் தொழில்நுட்பத்தைத் தன் துறைகள் பயன்படுத்தத் தடை விதித்தபோது, அது ஒரே நேரத்தில் மூன்று பக்கங்களுக்கும் உரிய செய்தியாக இருந்தது. குற்றம் நடக்கும் இடத்தை முன்கூட்டியே கணிப்பதாகச் சொல்லும் மென்பொருளையும் எண்ணிப் பாருங்கள். பழைய குற்றப் பதிவுகளைக் கொண்டு அது ஒரு பகுதிக்குக் காவலர்களை அனுப்புகிறது. காவலர் அதிகம் உள்ள இடத்தில் பதிவுகளும் அதிகமாகின்றன. அந்தப் பதிவுகள் மென்பொருளுக்குள் சென்று, அதே பகுதிக்கு மேலும் காவலர்களை அனுப்பச் சொல்கின்றன. இப்படிப்பட்ட செய்தி வரும்போது, முந்தைய குறிப்புகளின் பக்க எண்களை ஓரத்தில் எழுதி இணைத்துவிடுங்கள்.

அரசியலுக்கு இரண்டு சோதனைகள்

அரசியலைப் பற்றி எழுத நிறைய இருந்தாலும், முறை எளியது. கணிப்பை எண்ணாக எழுதுங்கள். 'வெல்லக்கூடும்' என்ற சொல் ஒருபோதும் தோற்பதில்லை. 'வெல்ல 70 விழுக்காடு வாய்ப்பு' என்பதைச் சரிபார்க்கலாம். ஃபிலிப் டெட்லாக் 284 வல்லுநர்களின் அரசியல் கணிப்புகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திரட்டி ஆராய்ந்தபோது, ஒரே பெருங்கொள்கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கியவர்களைவிட, பல கோணங்களை எடைபோட்டுத் தயக்கத்தோடு பேசியவர்களே கூடுதலாகச் சரியாகச் சொல்லியிருந்தனர்.

இரண்டாவது சோதனை, பெயரை மாற்றிப் படிப்பது. நீங்கள் ஆதரிக்கும் கட்சியின் செயலைப் பற்றி எழுதிய பத்தியில், அக்கட்சியின் பெயரை அழித்து எதிர்க்கட்சியின் பெயரை எழுதிப் படியுங்கள். உங்கள் தீர்ப்பு தலைகீழானால், எழுதியது செயலைப் பற்றி அன்று. இதைச் செய்த முதல் மாதத்தில் நான் ஐந்து பத்திகளை மீண்டும் எழுத நேர்ந்தது. மேலும், பேச்சையும் செயலையும் தனித்தனி வரிகளில் வையுங்கள். மேடையில் சொன்னது, சட்ட வரைவில் இருப்பது, வாக்கெடுப்பில் நிறைவேறியது, நிதி ஒதுக்கி நடைமுறைக்கு வந்தது என நான்கு படிகள் உண்டு; பெரும்பாலான சினமும் மகிழ்ச்சியும் முதற்படியிலேயே செலவாகிவிடுகின்றன.

திரும்பப் படிக்கும் நாள்

மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஏட்டைத் தொடக்கத்திலிருந்து படியுங்கள். பழைய வரியை அடிக்கவோ கிழிக்கவோ வேண்டாம். ஓரத்தில் புதிய தேதியிட்டு, வேறு மையில், இன்று தெரிந்ததை எழுதுங்கள். 'ஆம்' என்று முடிந்த வரிகளில் எவை முதற்பகுதிக்கு ஏறின, எவை பொய்த்தன என்று எண்ணினால், உங்களுக்குச் செய்தி தரும் வழிகளில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு உங்கள் கையாலேயே எழுதிய கணக்கு கிடைக்கும். என் ஏட்டில் அப்படிக் கணக்கிட்டபின், நெடுநாள் பின்தொடர்ந்த இரண்டு அரசியல் விமர்சகர்களைப் படிப்பதை நிறுத்தினேன். இருவரும் என் பக்கத்தைச் சேர்ந்தவர்கள்.

வன்முறைக் குறிப்புகளுக்கு மட்டும் ஓராண்டு கழித்துத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். இறந்தவர் யார், என்ன வேலை செய்தார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அன்று எழுதியிருந்தீர்களா என்று பாருங்கள். தாக்கியவரைப் பற்றி அரைப்பக்கமும் இறந்தவரைப் பற்றி அரைவரியும் இருந்தால், பொதுவெளியில் வந்தவற்றைக் கொண்டு அந்த இடத்தை நிரப்புங்கள். பின்னர் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தேடுங்கள்: குற்றப்பத்திரிகை பதிவானதா, விசாரணை தொடங்கியதா, அறிவித்த இழப்பீடு கைக்கு வந்ததா. பெரும்பாலான நிகழ்வுகளில் முதல் வாரத்துக்குப் பின் செய்தியே இருக்காது. அப்போது, எந்தத் தேதியில் எங்கெங்கே தேடியும் கிடைக்கவில்லை என்பதை அந்தப் பக்கத்தின் அடியில் எழுதி, அடுத்த ஆண்டு அதே நாளில் மீண்டும் தேடுவதற்கு நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.